வாவிக்கு ஒரு கரைதான் எழுதினேன்

நண்டை நாலு பேர் புரட்டிப் பார்த்தால் ஒருவராவது வாங்குவார். கட்டுரையை நாலு பேர் புரட்டிப் பார்த்தால் நாற்பது குறை சொல்லி வைத்துவிட்டுப் போவார்கள். இணையக் கலைக்களஞ்சியத்தில் எழுதிக் குட்டு வாங்கிய சகோதர சகோதரிகளே, இது உங்களுக்குத்தான். மற்றவர்களுக்கு இந்த எரிச்சல் விளங்காது.

நான் கல்லடியில் நண்டு, இறால் வியாபாரம் செய்கிறவள். எங்கள் நீளமான ஏரியான வாவியில் பிடிக்கிறவர்களிடம் வாங்கிப் பாசிக்குடா ஹோட்டல்களுக்குக் கொடுப்பேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதால் ஒரு சோதினையிலும் பாஸானதில்லை. ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, போனில் தட்டித் தட்டியே மட்டக்களப்பு வாவியைப் பற்றி ஆறு கட்டுரை எழுதினேன்: வாவி, முகத்துவாரம், பாலம், இறால் பிடி, கண்டல் காடு, தீவுகள். ஆறையும் ஒரே தொகுப்பாக மதிப்பாய்வுக்கு விட்டேன். பாஸானால் தொகுப்பின் தலையில் ஒரு நட்சத்திரம் போடுவார்கள். அந்த நட்சத்திரம் எனக்கு வேணும். வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

சட்டம் இரண்டே இரண்டு. ஒரு கட்டுரை பழுதென்றாலும் ஆறும் திரும்பும். எழுத வேண்டிய பக்கம் ஒன்று விடுபட்டாலும் திரும்பும். முதல் சட்டத்தை எனக்கு ஒருவரும் விளக்கத் தேவையில்லை. பெட்டியில் ஒரு நண்டு செத்துக் கிடந்தால் ஹோட்டல்காரர் பெட்டியோடுதான் திருப்புவார். இரண்டாவது சட்டம்தான் என்னைக் கவிழ்த்தது.

பேரம்

மதிப்பாய்வுக்கு வந்தவரின் பயனர் பெயர் ‘கடுகு’; என்னுடையது ‘நண்டுக்காரி’. கொழும்பில் மூக்குக் கண்ணாடி போட்ட ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரை நானே கற்பனை பண்ணிக்கொண்டேன். முதல் நாளே பன்னிரண்டு குறை போட்டார். பாலத்தின் நீளத்துக்குச் சான்று இல்லை, தீவுகளில் இரண்டைக் காணவில்லை, ‘உலகத்திலேயே ருசியான நண்டு’ என்பது விளம்பரம், இப்படி.

பன்னிரண்டு என்று ஒருவர் கேட்டால் ஆறில் தொடங்கி எட்டில் முடிப்பது என் தொழில். பேச்சுப் பக்கத்தில் எழுதினேன்: “ஆறு திருத்துகிறேன். மற்ற ஆறையும் விட்டுவிடுங்கள். நண்டு ருசி என்பதை மட்டும் எடுக்க மாட்டேன்.” அரை மணித்தியாலத்தில் பதில் வந்தது.

“நண்டுக்காரி அவர்களே, நீங்கள் பேரம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் பதின்மூன்றாவதையும் கண்டுபிடித்துவிட்டேன்.”

தொம்மை அண்ணனின் சான்று

மழைத் தண்ணீர் இறங்கி வாவி கலங்கினால் இறால் முகத்துவாரப் பக்கம் ஓடும். இது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதற்கும் கடுகு ‘சான்று தேவை’ என்று ஒட்டிவிட்டார். எனக்கு ஏறியது பாருங்கள்! எனக்கு இறால் தருகிற தொம்மை அண்ணனைப் பிடித்து, அவர் சொல்வதைப் பதிவு செய்து அனுப்பினேன். செல்லாதாம். அச்சில் வந்ததுதான் செல்லுமாம்.

“நான் சொன்னாச் சான்றில்ல, நான் சொன்னத ஒராள் எழுதினாச் சான்றா? நல்ல சட்டம் புள்ள!” என்று தொம்மை அண்ணன் வலையை உதறினார்.

கோபத்தோடேயே நூலகத்துக்குப் போனேன். இரண்டு பின்னேரம் தேடியதில் வாவி மீன்பிடி பற்றி ஒரு மெல்லிய ஆய்வுப் புத்தகம் கிடைத்தது. இறால் ஓடுகிற விஷயம் அச்சொட்டாக அதில் இருந்தது. கடைசிப் பக்கத்தில் தகவல் தந்தவர்களின் பெயர்கள். மூன்றாவது பெயர் தொம்மை அண்ணனுடையது! ஓடிப்போய்க் காட்டினேன். எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, புத்தகத்தைத் திருப்பி அட்டையில் எழுதியவரின் பெயரைப் பார்த்தார்.

“அட, என்ட தோணியில வந்து தல சுத்திச் சத்தியெடுத்த தம்பியா இத எழுதினவர்?”

சூரியன் காட்டிக்கொடுத்தது

பதின்மூன்றும் திருத்தியாயிற்று. நட்சத்திரம் கைக்கு வந்த மாதிரித்தான். அப்போதுதான் கடுகு கடைசிக் குறையைப் போட்டார்: “ஆறு கட்டுரையிலும் உள்ள படங்களைப் பாருங்கள். எல்லாவற்றிலும் சூரியன் தண்ணீருக்கு மேல் இறங்குகிறது. அப்படியானால் எல்லாம் கிழக்கே உள்ள எழுவான்கரையில் நின்று எடுத்தவை. எழுத்தும் அப்படித்தான். வாவி கடலில் விழும் முகத்துவாரத்தை அடைத்து நிற்கும் மணலை வெட்டிவிட்டால் இறால் கடலுக்குப் போய்விடும் என்று நாலு பந்தி. வெட்டாவிட்டால் மேற்கே படுவான்கரை வயலுக்கு என்ன நடக்கும் என்று ஒரு வரி இல்லை. ஒரு மாதம் தவணை. இல்லாவிட்டால் தொகுப்பு திரும்பும்.”

போனை எடுத்து, எங்கள் சந்தையில் கூடச் சொல்லக் கூசுகிற நாலு வார்த்தை தட்டினேன். அனுப்புவதற்கு முதலே என் புருசன் சேவியர் போனைப் பறித்து வாசித்தார். சிரிப்பை அடக்கத் தெரியாத மனிசன்.

“இஞ்ச பாரு, இந்த வாயைக் கொண்டு வாவிக்கு அங்கால ஒருக்காப் போய்ட்டு வா, இங்கால உள்ள ஆக்களுக்கு இது பழகிப் போச்சு.”

அங்கால கரை

“வயலைக் காட்டுங்கள் பார்ப்போம்” என்று கடுகுக்குச் சவால் விட்டேன். “வாருங்கள், வட்டையில் நிற்பேன்” என்று பதில் வந்தது. எங்கள் பக்கத்தில் பெரிய வயல்வெளியை வட்டை என்போம். கொழும்பு அதிகாரிக்கு இந்தச் சொல் எப்படித் தெரியும் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

மோட்டார் சைக்கிளைப் படகில் ஏற்றிப் படுவான்கரைக்குப் போனேன். வரம்பில் குடையோடு ஒரு பெண் நின்றாள். முப்பது வயது இருக்கும். முழங்கால் வரைக்கும் சேறு.

“நண்டுக்காரி அக்காவா? நான்தான் கடுகு. பேர் சுகந்தி.”

“நீயா? மூக்குக் கண்ணாடி எங்க?”

“என்னக்கா?”

“ஒண்ணுமில்ல. அப்ப இது உன்ட வயலா? உன்ட கரைக்குத்தானே கதைச்சிருக்காய்! பெரிய நடுநிலை!”

“ஓம் அக்கா, நீங்க உங்கட கரைக்குக் கதைச்ச மாதிரித்தான். அதாலதான் தீர்ப்பை வேற ஆளிட்டக் குடுத்திட்டன். அதில நான் இனித் தலையிட மாட்டன்.”

சண்டைக்கு வந்தவளுக்கு எதிராளி இப்படி இறங்கினால் என்ன செய்வது? அவள் பின்னால் நடந்தேன். வயல் காவலுக்குக் கட்டிய வாடிக் குடிசைக்குக் கூட்டிப்போனாள். மண் சுவரில் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு சேற்றுக் கோடு. போன மாரியில் வாவி ஏறி நின்ற அளவாம். அந்தக் கோட்டுக்குக் கீழே கதிர் வெளியே வராத குடலைப் பருவத்து நெற்பயிர் நாட்கணக்கில் மூழ்கிக் கிடந்ததாம். இத்தனை வருசம் தண்ணீரோடு பிழைக்கிறேன், அது அங்கால போய் எதில் ஏறி நிற்கிறது என்று பார்த்ததில்லை. ஆனாலும் வாய் விடுமா? “முகத்துவாரத்த அவசரப்பட்டு வெட்டினா எங்கட ஆக்களுக்கு இறால் இல்ல, தெரியுமா?” என்றேன்.

“தெரியும் அக்கா. அதையும் எழுதுங்க. ஆனா உங்களுக்குப் போறது கொஞ்ச நாள் இறால், எங்களுக்குப் போறது ஒரு போகம்.”

தீர்ப்பு

அன்றைக்கே அந்தச் சேற்றுக் கோட்டைப் படம் எடுத்தேன். ‘படுவான்கரை வயல்கள்’ என்று ஏழாவது கட்டுரை எழுதினோம். அவள் வயலை எழுத நான் குறை பிடித்தேன். முகத்துவாரத்தை நான் திருப்பி எழுத அவள் குறை பிடித்தாள். அவளுடைய முதல் பந்தியில் பதினான்கு குறை கண்டேன். அந்தச் சந்தோசத்தை என்னத்துக்கு மறைக்க வேண்டும்?

தவணைக்கு இரண்டு நாள் இருக்கப் புது மதிப்பாய்வாளர் வந்தார். மதுரைக்காரர். வாவியைக் கண்ணால் காணாதவர். ஏழையும் வாசித்து, சான்று ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தார். தொம்மை அண்ணனின் பெயருள்ள பக்கத்தைக்கூட விடவில்லை. பிறகு நட்சத்திரத்தைப் போட்டுவிட்டு, அதற்குக் கீழே ஒரு வரியும் எழுதினார். சுகந்தி உடனே போன் எடுத்து அதை எனக்கு வாசித்துக் காட்டிச் சிரித்தாள்.

“இரண்டு கரையும் திருப்தி, நடுவில் இருக்கும் தண்ணீர் உப்பா, நன்னீரா என்று ஏழு கட்டுரையில் எங்குமே சொல்லவில்லையே?”

எட்டாம் வகுப்போடு நான் விட்டுவந்த சோதினையை, இரண்டு கரையும் சேர்ந்து எழுதித்தான் பாஸாக வேண்டியிருந்தது, அதுவும் கடைசிக் கேள்விக்கு விடை எழுதாமல்.