கடைசி எண்ணை மாற்றியவர்கள்

"வெப்சைட்டை ஹேக் பண்ணிட்டா. போலீஸ்ல கொடுக்கணும். உடனே வாங்கோ."

புத்தூரில் உள்ள ஒரு ரத்தப் பரிசோதனை லேபின் மேனேஜர் வரதன் போனில் இப்படிச் சொன்னபோது நான் ஸ்ரீரங்கத்தில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். கிளவுடில் ஓடும் வெப் அப்ளிகேஷன்களுக்குப் பாதுகாப்பு ஏற்பாடு செய்வது என் தொழில். சொந்தக்காரர்களுக்கு இது புரியாததால் 'கம்ப்யூட்டர் வேலை' என்று சொல்லிவைத்து, அதற்குத் தண்டனையாக அவர்கள் வீட்டு பிரிண்டர்களைப் பழுது பார்த்து வருகிறேன்.

ஏழு மதில்

அந்த லேபின் ரிப்போர்ட்டுகளை நோயாளிகள் போனிலேயே பார்க்கலாம். அதற்கு முன்னால் ஃபயர்வால் போட்டது நான். பெயர் கேட்கும் பெட்டியில் டேட்டாபேஸ் கட்டளைகளை எழுதி உள்ளே நுழையப் பார்ப்பவர்கள், பாஸ்வேர்டை விடாமல் ஊகிக்கும் பாட்கள் எல்லாரையும் அது வாசலிலேயே நிறுத்தும். வரதனும் ஸ்ரீரங்கத்துக்காரர் என்பதால், "நம்ம ஊர் பெரிய கோவில் மாதிரி ஏழு மதில் ஸ்வாமி" என்று சொல்லித்தான் அவரிடம் விற்றேன். உவமை வேலை செய்தது. அளவுக்கு மீறி வேலை செய்துவிட்டது.

மதில்தான் இருக்கிறதே என்று, ரிப்போர்ட்டைத் திறக்க வேண்டிய ஓடிபி-யை அவர் எடுக்கச் சொல்லிவிட்டார்.

"பேஷண்ட் போன் நம்பர்னு பிள்ளை நம்பரைக் கொடுக்கறா. பிள்ளை கலிஃபோர்னியால தூங்கறான். ஓடிபி அங்க போறது, கூட்டம் இங்க என் கவுன்ட்டர்ல நிக்கறது."

வேண்டாம் என்று மெயில் அனுப்பினேன். கும்பிடும் கை பொம்மை ஒன்று பதிலாக வந்தது. அன்றிலிருந்து பில் நம்பரை அடித்தால் போதும், ரிப்போர்ட் வந்துவிடும். பில் நம்பர்களோ அடுத்தடுத்த எண்கள்.

ஹேக்கர்

நான் போனபோது ஹேக்கர் கவுன்ட்டர் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் டிபன் பையோடு உட்கார்ந்திருந்தார். பெயர் ஜெசிந்தா. பள்ளிக்கூட டீச்சர், வீடு கைலாசபுரம், கணவருக்கு அங்கே மத்திய அரசுத் தொழிற்சாலையில் வேலை. அம்மாவின் தைராய்டு ரிப்போர்ட்டைப் பார்க்க நம்பரை அடித்திருக்கிறார். கடைசி எண் தவறிவிட்டது. யாரோ ஒரு பெண்ணின் ரிப்போர்ட் பெயரோடு வந்து நின்றது. லேபுக்கு போன் செய்தால், "ரெஃப்ரெஷ் பண்ணிப் பாருங்க." அதனால் நேரில் வந்து காட்டினார். வரதன் அவரை உட்காரவைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்.

"கேஸுன்னு வந்தா எங்க வீட்டுக்காரர் வேலைக்கே சிக்கல் சார். நான் சொல்லத்தானே வந்தேன்?"

"அடுத்தவா ரிப்போர்ட்டைத் திறந்திருக்கா, அது என்ன பின்னே?" என்றார் வரதன். "வெளியிலேருந்து தாக்குதல்னு உங்க லெட்டர்ஹெட்ல ரெண்டு வரி கொடுங்கோ. லேப் பேர் கெடாது."

நம் ஊரில் பைக் ஸ்டாண்டை எடுக்காமல் போகிறவனிடம், முன்பின் தெரியாதவர்கள்கூட "ஸ்டாண்டு, ஸ்டாண்டு" என்று கத்திச் சொல்கிறார்கள். அவனும் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போகிறான். யாரும் அவர்களைப் பிடித்துப் போலீஸில் கொடுப்பதில்லை. வெப்சைட் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இந்த நாகரிகம் இன்னும் வந்து சேரவில்லை. ஓட்டையைக் காட்டியவரைத் திருடர் ஆக்குவதை நான் பல ஆபீஸ்களில் பார்த்துவிட்டேன்.

"அப்போ உங்க ஃபயர்வால் ஏன் தடுக்கலை?" என்று மடக்கினார் வரதன்.

"அது பார்த்தது ஒழுங்கான பில் நம்பர். இந்த ரிப்போர்ட் இவங்களோடதான்னு கேக்க வேண்டியது உள்ளே இருக்கற அப்ளிகேஷன். மதில் ஏழும் அப்படியே இருக்கு ஸ்வாமி. சந்நிதிக் கதவைக் கழட்டிட்டீங்க."

லாக்

யார் எதைத் திறந்தார்கள் என்ற பதிவு லாகில் இருக்கும். திறந்து பார்த்தேன். ஒரே இடத்திலிருந்து வரிசையாக, ஒரு நம்பர் விடாமல், காலை முதல் ரிப்போர்ட்டுகள் திறக்கப்பட்டிருந்தன.

வரதன் முகம் மலர்ந்தது. "பாத்தேளா, பாத்தேளா."

பார்த்தேன். அது இந்த லேபின் சொந்த இன்டர்நெட் கனெக்‌ஷன். கவுன்ட்டரிலிருந்த கவிதா தலை நிமிராமல் சொன்னது: "அது நான்தான் சார். பேர் போட்டுத் தேடற சர்ச் வேலை செய்யல. கடைசி நம்பரை மாத்தி மாத்தித்தான் அடுத்த ரிப்போர்ட்டை எடுத்து பிரின்ட் போடறோம். வரதன் சார்தான் சொல்லிக் கொடுத்தாரு."

"நாங்க ஸ்டாஃப்," என்றார் வரதன்.

"அது சிஸ்டத்துக்கு எப்படித் தெரியும்? லாகினே கேக்கலையே. ரெண்டு வரி தானே, தரேன். நம்பரை மாத்தி அடுத்தவா ரிப்போர்ட்டைத் திறந்தவங்கன்னு எழுதறேன். முதல் பேர் டீச்சரோடதா, உங்களோடதா?"

வரதன் சுவரிலிருந்த பெருமாள் காலண்டரைப் பார்த்தார். பெருமாள் தலையிடவில்லை.

அங்கிருந்தே, வெப்சைட் செய்த டெவலப்பருக்கு போன் செய்து ரிப்போர்ட் பக்கத்தை நிறுத்தச் சொன்னேன். ஓடிபி-யைத் திரும்பச் சேர்த்த பிறகுதான் அந்தப் பக்கம் திறந்தது. போன் இல்லாத பெரியவர்களுக்கு கவுன்ட்டரில் பில்லைப் பார்த்துக் கையில் பிரின்ட். இதை முதலிலேயே செய்திருக்கலாம்.

"சரிம்மா, நீங்க கிளம்பலாம்," என்றார் வரதன், மன்னித்து விடுகிறவரின் குரலில்.

டீச்சர் எழுந்திருக்கவில்லை. "அந்தப் பொண்ணு ரிப்போர்ட்டை நான் பார்த்துட்டேனே. அதை அவகிட்ட யார் சொல்லப் போறீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. ஒரு மணி நேரமாக யார் திறந்தது என்றே சண்டை போட்டிருக்கிறோம், நானும் சேர்த்து. திறக்கப்பட்டது யாருடையது என்று கேட்டவர், ஹேக்கர் என்று உட்காரவைக்கப்பட்டவர் ஒருவர்தான். இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: அந்தக் கேள்வியை முதலில் கேளுங்கள். ஃபயர்வால் அப்புறம்.

லேண்ட்லைனை வரதன் பக்கம் நகர்த்தி வைத்தேன். அவர் அந்தப் பெண்ணிடம் பேசி முடிக்கிறவரை டீச்சர் நாற்காலியை விட்டு அசையவில்லை.