டிவி ஃபாதரும் ஓர் உருத்திராட்ச மாலையும்

வில்லனாக நடித்தால் திட்டு கிடைக்கும், காமெடியனாக நடித்தால் முதுகில் ஒரு தட்டு கிடைக்கும், ஆனால் சாமியாராக நடித்தால் என்ன கிடைக்கும் என்று நடிப்புத் தொழிலில் யாரும் முன்கூட்டியே சொல்லிவைப்பதில்லை.

டிவியில் ஒரே ஒரு முறை டாக்டராகத் தலைகாட்டிவிட்டு, அப்புறம் போகிற கல்யாணத்திலெல்லாம் அத்தைமார்களின் மூட்டுவலிக்குப் பதில் சொல்லி மாட்டிக்கொண்டவர் உங்களில் யாராவது இருந்தால் கிட்டே வாருங்கள், நாமெல்லாம் ஒரே கூட்டம். நான் பினாங்கில் கல்யாணம், காதணி விழாக்களில் மைக் பிடிப்பவன். இடையிடையே தமிழ் நாடகங்களில் போலீஸ்காரனாகவோ, கடைக்காரனாகவோ, பெண்ணுக்குப் பெரியப்பாவாகவோ வந்துபோவேன். போன வருஷம் ஒரு தொடரில் ஃபாதர் சவரிநாதர் என்ற பாதிரியார் வேடம் கிடைத்தது. அந்தக் காலத்தில் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தமிழர்களுக்காகப் பாடுபட்டு, காய்ச்சல் கண்டவர்களுக்குக் கஞ்சி ஊற்றி, கடைசியில் தானும் அதே காய்ச்சலில் போய்ச்சேரும் ஒரு கற்பனைப் பாதிரியார். காலையில் வீட்டில் முருகன் படத்துக்கு விளக்கேற்றிவிட்டுப் போய் வெள்ளை அங்கியை மாட்டிக்கொள்வேன். அதில் எனக்கு ஒரு குழப்பமும் இருக்கவில்லை. நாடகம் ஒளியேறிய பிறகுதான் நான் யார் என்பதே எனக்குச் சந்தேகமாகிப் போனது.

ஆட்டுக்கறிக்கு வந்த தடை

வழக்கமாகச் சாப்பிடும் நாசி கண்டார் கடைக்கு மத்தியானம் போனேன். கடைக்காரர் நம் தமிழ் முஸ்லிம், நீண்ட நாள் பழக்கம். நான் வாயைத் திறக்குமுன் ஆட்டுக்கறியை அள்ளிச் சோற்றில் வைக்கிறவர். அன்று அள்ளிய கரண்டி பாதியில் நின்றுவிட்டது. முந்தின நாள் பகுதியில் நான் தவக்கால நோன்பிருந்து, வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சிலுவைக்கு முன்னால் மயங்கி விழுந்திருந்தேன்.

அது எப்போதோ எடுத்த காட்சி, மயங்கி விழுந்து எழுந்த கையோடு கோழி பிரியாணி சாப்பிட்டேன், நான் கிறிஸ்தவனே இல்லை என்றெல்லாம் விளக்கினேன். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மேசைக்கு மேலே குனிந்து மெதுவாகச் சொன்னார்: "எனக்குத் தெரியும்ணே, நடிப்புதான்னு. அந்த மூலையில உக்காந்திருக்கிற ஆன்ட்டிக்குத் தெரியாதுல்ல? புங்குஸ் கட்டித் தர்றேன், வீட்ல போயி சாப்பிடுங்க."

எப்போது சாவீர்கள்?

ஜுருவில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாரை மேடைக்கு அழைத்துவிட்டு இறங்கினேன். படிக்குப் பக்கத்தில் ஓர் அக்கா எனக்காகவே நின்றுகொண்டிருந்தார். பெயர் சரஸ்வதி, ஊர் சுங்கை பாக்காப் என்றார். படம் எடுத்துக்கொள்ளத்தான் நிற்கிறார் என்று நினைத்து நான் சட்டையைச் சரிசெய்துகொண்டேன். அவரோ, நாடகத்தில் நான் எப்போது சாகப்போகிறேன் என்று கேட்டார்.

விஷயம் இதுதான். அவர் கணவர் மணியம், கார் பட்டறையில் மெக்கானிக். வேலையில் கெட்டிக்காரர், வேலை முடிந்தால் தண்ணி. வருஷா வருஷம் தைப்பூசத்துக்கு மாலை போட்டு விரதம் இருப்பார், அப்போது ஒரு சொட்டும் தொடமாட்டார். காவடியை இறக்கி மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே ஆளைக் கடையில் பார்க்கலாம். நம் ஆட்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? கழுத்தில் மாலை இருக்கிறவரை அவர்களைப் போல் உத்தமர் உலகத்தில் கிடையாது. தொடரில் குடிகாரத் துறைமுகத் தொழிலாளி ஒருவன் என் கையில் அடித்துச் சத்தியம் செய்யும் காட்சி வந்தபோது, மணியம் எழுந்துபோய் சாமி மேடையிலிருந்த உருத்திராட்ச மாலையை எடுத்துவந்து, டிவியில் தெரிந்த என் முகத்துக்கு எதிரே நின்று போட்டுக்கொண்டாராம். இந்த ஃபாதர் உயிரோடு இருக்கிறவரை தொடமாட்டேன் என்று வேண்டுதல். அன்றிலிருந்து தொடவில்லை. அப்பா வந்தால் தட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விடும் மகள், இப்போது அவரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாளாம்.

கடைசிப் பகுதியில் நான் சாவதாக எழுதி முடித்துவிட்டார்கள், எடுக்கவேண்டியதுதான் பாக்கி. அதைச் சொல்ல வாய் வரவில்லை. நடிகன் கையில் என்ன இருக்கிறது என்று எதையோ மென்று விழுங்கினேன். அக்கா என் சட்டைப் பித்தானைப் பார்த்தபடி சொன்னார்: "கொஞ்சம் தள்ளிப் போடுங்க ஃபாதர். மக எஸ்பிஎம் பரீட்சை எழுதி முடிக்கிற வரைக்குமாச்சும்."

இடது கை

பசாரில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பிடித்துக்கொண்டார். கத்தோலிக்கர், பக்தி மிக்கவர். நான் டிவியில் இடது கையால் சிலுவை அடையாளம் போட்டேனாம், அதுவும் வலது தோளை முதலில் தொட்டு. எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த ஒரு காரியத்தைக் கண்ணாடி முன்னால் நின்று எவ்வளவு பாடுபட்டுப் பழகியிருந்தேன் தெரியுமா? என் மனைவியே, இனி திருநீறு எடுக்கும்போதும் அப்படிப் போட்டுவிடப் போகிறீர்கள் என்று கேலி செய்கிற அளவுக்குப் பழகியிருந்தேன்.

எடிட்டரைக் கேட்டேன். முந்தின காட்சியில் படகு எதிர்ப்பக்கத்திலிருந்து வந்துவிட்டதாம், அது பொருந்துவதற்காக என் படத்தையே இடவலமாகத் திருப்பிப் போட்டுவிட்டார். அடுத்த வாரம் அந்த ஆசிரியையைத் தேடிப்போய் இதைச் சொன்னேன். இந்து நான், ஒரு சிலுவை அடையாளத்துக்காக ஏன் இவ்வளவு பதறுகிறேன் என்று எனக்கே புரியவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே தீர்ப்பு சொன்னார்: "திருப்பினது எடிட்டராவே இருக்கட்டும் தம்பி. மேல கேள்வி கேக்கும்போது முன்னால நிக்கப் போறது நீங்கதானே?"

கல்லறைக்குப் பெயிண்ட் அடித்தாகிவிட்டது

சரஸ்வதி அக்காவின் முகம் கண்ணை விட்டுப் போகவில்லை. கடைசியில் வெட்கத்தை விட்டு டைரக்டரிடம் போனேன். காய்ச்சல் குணமாகி, ஃபாதர் கப்பலேறி எங்கேயோ போவதுபோல் முடிக்கலாமே என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அடுத்த சீசனிலும் சம்பளம் வாங்க வழி பார்க்கிறேன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. சுங்கை பாக்காப் சமாசாரத்தைச் சொன்னேன். மனிதர் நல்லவர், கொஞ்சநேரம் யோசிக்கவும் செய்தார். ஆனால் இதுபோல் ஒவ்வொரு வீட்டு வேண்டுதலுக்கும் கதையை மாற்றினால் தொடரை எந்த ஜென்மத்தில் முடிப்பது என்று கேட்டுவிட்டார்.

பக்கத்தில் செட் போடுகிற தம்பி பலகையில் செய்த கல்லறைக்குச் சாம்பல் நிறம் பூசிக்கொண்டிருந்தான். அதில் என் பெயர், அதாவது ஃபாதரின் பெயர், அழகாக எழுதியிருந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவன், பிரஷைக் கீழே வைக்காமலே சொன்னான்: "நீங்க சாகலன்னா இத நான் எங்கண்ணே கொண்டுபோயி வைக்கிறது? என் வீட்டுக்கா?"

செத்த மறுநாள்

ஆகவே செத்தேன். கண்ணை மூடிப் படுத்தபோது எனக்கு ஏசுவும் தெரியவில்லை, முருகனும் தெரியவில்லை. ஒரு பெண் தட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போவதுதான் தெரிந்தது. கண்ணோரம் தானாகத் தண்ணீர் வந்தது. பிரமாதமான நடிப்பு என்று எல்லாரும் கைதட்டினார்கள்.

அது ஒளியேறிய மறுநாள் எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. சுங்கை பாக்காப்பிலிருந்து போன் வருமா என்று பார்த்தேன், வரவில்லை. வராதது நல்லதற்கா கெட்டதற்கா என்றும் தெரியவில்லை. சரி, கீழே போய்க் காற்று வாங்கலாம் என்று லிஃப்டில் ஏறினால் உள்ளே மாடிவீட்டுச் சீன ஆன்ட்டி. திரையில் கீழே ஓடும் மலாய் வசனத்தைப் படித்துப் படித்தே தொடரை ஒன்றுவிடாமல் பார்த்தவர். என்னைக் கண்டதும் சுவரோடு ஒட்டிக்கொண்டார். நேற்று ராத்திரி செத்துவிட்டு இன்றைக்கு லிஃப்டில் ஏறுகிறாயே என்று மலாயில் என்மேல்தான் குறைப்பட்டார்: "அய்யோ, செமாலாம் சுடா மாத்தி, ஹாரி இனி நாயிக் லிஃப்ட் பூலா!"

கழற்ற ஆள் வேண்டும்

அந்த வாரக் கடைசியில் வாசலில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் சரஸ்வதி அக்கா. மற்றவர் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, நகக்கண்ணில் மட்டும் கிரீஸ் கறை போகாத மனிதர். கழுத்தில் உருத்திராட்ச மாலை. கையில் தட்டு. அதில் தேங்காய், பழம், வெற்றிலை, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு மெழுகுவர்த்தி. மணியம் உட்காரக்கூட இல்லை. ஃபாதர் காலமாகிவிட்டார், விரதம் முடிந்தது, மாலையைக் கழற்ற வேண்டும் என்றார். நாமாகக் கழற்றக்கூடாதல்லவா? கோயிலில் கேட்டிருக்கிறார். யாருக்கு வேண்டிப் போட்டீர்களோ அங்கே போங்கள் என்றிருக்கிறார்கள். சர்ச்சுக்குப் போயிருக்கிறார். அங்கிருந்த ஃபாதர் அன்பாகத் தோளில் தட்டி, உருத்திராட்சம் கழற்றும் வழக்கம் எங்களுக்கு இல்லையே என்றிருக்கிறார். மிச்சம் இருந்தது நான்தான்.

அக்கா கதவைப் பிடித்தபடி நின்றார். மாலையைக் கழற்றினால் சாயங்காலம் என்ன நடக்கும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மணியத்தின் முகத்தைப் பார்த்தால் அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. அவர் விரல்கள் மாலையை விடாமல் உருட்டிக்கொண்டே இருந்தன. நான் நடிகன், எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால், யார் முகத்தைப் பார்த்துப் போட்டீர்கள் என்ற கேள்விதான் வந்தது. உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் என்றார். அப்படியானால் இந்த முகம் இன்னும் சாகவில்லையே, எப்படிக் கழற்றுவது என்றேன். சொன்னது பொய்யா மெய்யா, ஃபாதர் சொன்னாரா நான் சொன்னேனா என்பது எனக்கு இன்றுவரை தெளிவில்லை.

மணியம் ஓர் அடி பின்னால் நகர்ந்து நின்றார். பழுதான இன்ஜினைத் திறந்துவைத்துப் பார்க்கிற மாதிரி என்னை மேலும் கீழும் பார்த்தார். என் தொப்பையில் கொஞ்சநேரம் கண் நின்றது. பிறகு தட்டை என் கையில் கொடுத்துவிட்டு, மாலையைச் சட்டைக்குள் தள்ளிப் பித்தானைப் போட்டுக்கொண்டார். பின்னால் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தும் பார்க்காததுபோல் சொன்னார்: "அப்ப நீங்க ஒடம்ப பாத்துக்குங்க ஃபாதர். எனக்கும் ஒண்ணும் அவசரம் இல்ல."

நடிகனுக்குச் சாவுக் காட்சியோடு வேலை முடிந்தது என்பார்கள், எனக்கோ செத்த பிறகுதான் காலை நடையும், சீனியில்லாத காப்பியும், சுங்கை பாக்காப்புக்காக உயிரோடு இருக்கவேண்டிய உத்தியோகமும் ஆரம்பமாகியிருக்கின்றன.