கீற்றுத் திரைக்கு இரண்டு பக்கம்

1. கண்ணை மூடி நில்

ஐஸ் கொம்பனியில் முதல் நாள் எனக்குச் சொல்லித் தந்த வேலை, ஐஸ் கட்டியைத் தூக்குவது அல்ல. குளிரறையிலிருந்து வெளியே வருவது எப்படி என்பதுதான்.

"வெளியில வந்த உடனே கண்ணை மூடி, இந்தப் பைப்பைப் பிடிச்சுக்கொண்டு நில்லும். வெளிச்சம் அடிச்சு விழுந்தீரெண்டால் கொம்பனி பொறுப்பில்லை" என்றார் இஞ்சின் ரூம் தவம் அண்ணை.

எங்கள் கொம்பனி திருகோணமலை மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டியது. குளிரறைக்கு இரண்டு வாசல். வேலையாட்கள் விடிய முதல் இஞ்சின் ரூம் பக்கத்தால் உள்ளே போய், ஒன்பது மணிக்குப் பிறகு அதே வழியால் வெளியே வருவோம். மற்ற வாசல் கடலைப் பார்த்த மேடைக்குத் திறக்கும். வாங்க வருகிறவர்கள் அங்கேதான் நிற்பார்கள். அந்த வாசலில் தடித்த பிளாஸ்டிக் கீற்றுகள் திரையாகத் தொங்கின. புதிதாய் இருந்தபோது கண்ணாடி போல இருந்திருக்கும். நான் சேர்ந்த காலத்தில் அவை கஞ்சி நிறத்துக்கு வந்துவிட்டன. திரையை விலக்கிப் பார்த்தால் மனேஜர் ஏசுவார். குளிர் போய்விடும், கரண்ட் பில் ஏறும்.

வெளியிலிருந்து குரல் கேட்கும். கட்டியைக் கொக்கியால் இழுத்து, கீற்றுகளுக்கு இடையால் கையை நீட்டி வெளியே தள்ளுவோம். மேடையில் நிற்கும் எங்கள் ஆள் அதை எடுத்துக் கொடுப்பார். வாங்க வந்தவர்களுக்கு எங்கள் கை மட்டும் தெரியும்.

2. திரையில் வந்தவர்கள்

உள்ளே நானும் யோகனும் மட்டும்தான். ஒரு மங்கல் பல்ப். காலையில் வெயில் கடலுக்கு மேலால் நேரே மேடையில் விழ, அங்கே நிற்கிறவர்களின் நிழல் எங்கள் திரையில் விழும். வயிறு பெரிய நிழல் நிலாவெளி ஹொட்டேல்காரர். ஒரு பக்கம் சரிந்து நடப்பது வலைக்காரர் அந்தோனி. வருகிறவர் யாரென்று நிழலை வைத்துச் சொல்வதில் யோகன் கெட்டிக்காரன். சொன்னபடியே குரலும் வந்தால் தன்னுடைய தோளில் தானே தட்டிக்கொள்வான்.

ஒரு நிழல் மட்டும் எனக்கு. உயரமான பெண். தலையில் இருக்கும் மீன் பேசினை இரண்டு கையாலும் மெதுவாக இறக்குவாள். இறக்கியதும் கழுத்தைப் பின்னால் சாய்த்து ஒரு கணம் அப்படியே நிற்பாள். அதோடு குரல் வரும்.

"தம்பி, முழுக்கட்டியா ஒண்டு தாங்க. ஒடஞ்சதத் தந்தா ஒங்கட தலையிலதான் வெப்பன்."

சொல்லிவிட்டுச் சின்னதாய்ச் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு அடுத்த நாள் வரைக்கும் காத்திருப்பேன்.

பதில் சொல்வது யோகன்தான். "என்ர தலை சின்னன், உங்கட கட்டி நிக்காது" என்பான். எனக்கு யாரோடும் கதைக்க வராது. நடுவில் வெள்ளை விழாத, நல்ல தெளிவான கட்டியாய்ப் பார்த்துத் தள்ளுவேன். மேலே இரண்டு கை தூள் ஐஸும் போடுவேன்.

"மாப்பிள்ளை, உன்ர ஆள் வந்திட்டா" என்று யோகன் விலாவில் இடிப்பான்.

மாரி வந்தது. வெயில் இல்லாததால் நிழலும் இல்லை. மூன்று மாதம் குரல் மட்டும் வந்தது. அப்போதும் கழுத்தைச் சாய்த்து நிற்பவளைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

3. அக்காவின் விசாரணை

எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. அக்கா எனக்குப் பெண் தேடிக் களைத்துப்போயிருந்தா. ஒருநாள் சோறு போட்டுக்கொண்டு கேட்டா.

"உன்ர மனசில ஆரும் இருக்கோ?"

"ஓம்."

அகப்பை கையிலேயே நின்றது. "ஆர்? பேர் என்ன?"

"தெரியாது."

"எந்த ஊர்?"

"சாம்பல்தீவுப் பக்கம் எண்டு யோகன் சொல்லுறான்."

"ஆள் எப்பிடி?"

"முகம் பாக்கேல்ல."

"முகம் பாக்காமல்? உனக்கென்ன விசரோ?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினா. பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினா. "சரி. முதல்ல போய் ஆளைப் பார். பாத்திட்டு வந்து சொல்லு. நான் அவையின்ர வீட்டுக்குப் போய்க் கேக்கிறன்."

4. மேடை

மேடையில் நின்று கட்டி எடுத்துக் கொடுத்தவர் கட்டாருக்குப் போனதும், அந்த வேலையைக் கேட்டு மனேஜரிடம் போனேன்.

"நீ வாய் திறக்காத ஆள். வெளியில நிண்டு என்ன செய்யப்போறாய்?"

"பழகுவன் சேர்."

அவர் நம்பவில்லை. ஆனால் வேறு ஆளும் கிடைக்கவில்லை.

முதல் நாள் காலை வெயிலும் தண்ணீரில் பட்ட மினுக்கமும் சேர்ந்து அடித்ததில் கண்ணீர் ஓடியது. மேடை ஓரத்திலும் ஒரு பைப் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண் திறந்து கொஞ்ச நேரத்தில் அவள் வந்தாள். அதே உயரம். பேசினை அதே மாதிரி இறக்கினாள். கழுத்தைச் சாய்த்து நின்றாள். வெயிலில் கறுத்த, களைத்த முகம். நெற்றியில் வியர்வை.

"தம்பி, முழுக்கட்டியா ஒண்டு தாங்க."

குரல் அவளிடமிருந்து வரவில்லை. கீழே, தூண் மறைவில் கவிழ்த்து வைத்த மீன் பெட்டியில் இருந்து வந்தது. அங்கே அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா, முக்காட்டைச் சரிசெய்தபடி வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தா. தூணின் நிழலில் இருந்ததால் அவவின் நிழல் ஒருநாளும் எங்கள் திரைக்கு வந்ததில்லை. கிண்ணியா ஹலீமா உம்மா. உயரமானவள் சாம்பல்தீவு கலா. இருவரும் ஒரு கட்டியைப் பாதி பாதியாய் வாங்கிச் சேர்ந்து மீன் விற்கிறவர்கள். வாய் உம்மாவுக்கு, சுமை கலாவுக்கு.

நான் கட்டியை எடுத்து வைத்தேன்.

"சரி" என்றாள் கலா. தடிமன் பிடித்தது போன்ற கரகரத்த குரல்.

பிறகு என் கைகளைப் பார்த்தாள். நான் போட்டிருந்தது சைக்கிள் ரியூப் ஒட்டுப் போட்ட சிவப்புக் கிளவுஸ்.

"இவ்வளவு நாளும் உள்ளுக்கிருந்து தந்தது நீங்களோ?"

"ஓம்."

திரைக்குப் பின்னாலிருந்து யோகனின் குரல் வந்தது. "என்ன, இண்டைக்கு என்ர தலை தப்பினதோ?"

கலா திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "அப்ப கதைக்கிறது?"

"அது யோகன்."

"ஆ" என்றாள்.

உம்மா விழுந்து விழுந்து சிரித்தா. "இந்தப் புள்ள ஒவ்வொரு நாளும் சொல்லுவாள், சிவப்புக் கிளவுஸ்காரர் நல்ல கட்டியும் தாறார், நல்ல பம்பலா சிரிக்க வெச்சும் கதைக்கிறார் எண்டு. ரெண்டு பேரையும் ஒண்டாக்கி வெச்சிருக்காள்."

கலா சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. அவளுடைய முகத்தில் இருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. சற்று முன்னர் என் முகத்திலும் அதுதான் இருந்திருக்கும்.

5. திரும்ப உள்ளே

இதை யோகனிடம் சொல்ல உள்ளே போனேன். வெயிலிலிருந்து போனதால் ஒன்றும் தெரியவில்லை. கொக்கியில் கால் தடக்கி விழுந்தேன்.

"ஒரு நாள் வெளியில நிண்டதுக்கே கண் போச்சு" என்று யோகன் சிரித்தான். நான் சொன்னதையும் ஏற்கவில்லை. "போடா, உனக்கு மண்டையில வெயில் அடிச்சிருக்கு. அந்தக் குரல் அவவின்ரதான். இவ்வளவு நாள் பாத்த எனக்குத் தெரியாதோ?"

அடுத்த நாள் ஆள் குறைவென்று என்னை உள்ளே விட்டார்கள். நிழல் வந்தது, பேசினை இறக்கியது, கழுத்தைச் சாய்த்தது. குரல் வந்தது, சிரித்தது. எனக்கு இப்போது எல்லாம் தெரியும். தெரிந்தும் இரண்டையும் பிரிக்க ஏலவில்லை. திரையில் நின்றவள்தான் சிரித்தாள்.

அக்காவிடம் போய், "அப்பிடி ஒருத்தி இல்லை" என்றேன்.

"செத்திட்டாளோ?"

"இல்லை அக்கா. இருக்கவேயில்லை."

அக்கா எனக்குச் சோறு போட எழும்பினா.

பல வருடத்துக்குப் பிறகு, பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படிக்கும் அக்காவின் மகள் ஒரு பழைய கிரேக்கக் கதை சொன்னாள். குகைக்குள் சங்கிலியால் கட்டப்பட்டவர்கள் சுவரில் விழும் நிழலை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்களாம். வெளியே யாரோ கதைத்தால், நிழல்தான் கதைக்கிறது என்று நினைப்பார்களாம்.

"ஓம், அப்பிடித்தான் நினைப்பம்" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். ஒருவன் வெளியே போய்ச் சூரியனைப் பார்ப்பான் என்றும் சொன்னாள். வெளியே நின்றவர்கள் அவனை யாரென்று நினைத்திருந்தார்கள் என்று கேட்டேன். அது கதையில் இல்லையாம்.

6. கண் பழகும் நேரம்

யோகனோடு திரும்ப உள்ளே நின்ற அந்த ஒரு நாளுக்குப் பிறகு, மேடையில் ஒன்றரை வருடம் கலாவுக்குக் கட்டி கொடுத்தேன். "நீங்கள் கதைக்க மாட்டீங்களோ?" என்று ஒருநாள் கேட்டாள். "கதைப்பன்" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. அவளும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் பேசினைத் தூக்கினாள். ஒவ்வொரு முறை அவள் கதைக்கும்போதும் நான் மற்றக் குரலைத்தான் தேடினேன். அவளும் என் வாயிலிருந்து யோகனின் பம்பலைத் தேடியிருப்பாள்.

பிறகு அவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். உம்மா வேறு ஒரு பெண்ணோடு வந்தா. கட்டியை வைத்தேன். ஒருவரும் "சரி" என்று சொல்லவில்லை. அன்றைக்குத்தான் அந்தக் கரகரப்புக்காக நான் எவ்வளவு நாளாய்க் காத்துக்கொண்டிருந்தேன் என்பது தெரிந்தது.

"கலா குவைத்தில இருந்து கோல் எடுத்தவள். சிவப்புக் கிளவுஸ்காரர் சுகமோ எண்டு கேட்டவள்" என்று உம்மா ஒருமுறை சொன்னா.

"சுகம் எண்டு சொல்லுங்கோ" என்றேன். வேறு நல்லதாய் ஏதும் சொல்லியிருக்கலாம்.

இப்போது புதிதாய்ச் சேருகிறவர்களுக்கு நான்தான் வேலை காட்டுகிறேன். வெளியே வந்ததும் கண்ணை மூடிப் பைப்பைப் பிடித்து நிற்கச் சொல்கிறேன். தவம் அண்ணை சொல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். கண்ணைத் திறந்ததும் முதலில் எல்லாம் வெளிறிப்போய், உள்ளே பார்த்ததைவிடக் குறைவாகத்தான் தெரியும். அதைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிவிடாதீர்கள். இன்னும் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.