ஈசான மூலையில் ஐந்து செங்கல்

தீபாவளி என்றால் எனக்குப் பயம்தான். தாயில்பட்டிப் பக்கத்துப் பட்டாசு கம்பெனி ஒன்றில் சரம் பின்னுகிறவள் நான். என் வீட்டுக்காரர் அதே கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர். எங்கள் கை பட்ட வெடி எந்தெந்த ஊரிலோ வெடிக்கும். நாங்கள் அன்றைக்கு நனைத்த சாக்கை ஓலைக்கூரை மேல் விரித்துவிட்டு, இரண்டு குடம் தண்ணீரோடு வாசலில் உட்கார்ந்திருப்போம். பக்கத்துத் தெருவில் ராக்கெட் சீறினால் மற்றவர்கள் வானத்தைப் பார்ப்பார்கள், நான் கூரையைப் பார்ப்பேன். வெடியை அடுக்கி வைக்கிற குடோனுக்குக் காங்கிரீட் கூரை, அதைச் செய்கிறவளுக்கு ஓலை. இதைச் சொன்னால் வீட்டுக்காரர், "வெடி நனைஞ்சா வீணாப் போயிருமே, நம்ம காய்ஞ்சுக்கிருவோம்ல" என்பார்.

எனக்கு ஒரே ஒரு ஆசை. சொந்தமாக ஒரு காங்கிரீட் வீடு, அதன் மொட்டை மாடியில் நின்று ஒரு பூச்சட்டி கொளுத்த வேண்டும். புஸ்வாணத்தைத்தான் நாங்கள் பூச்சட்டி என்போம். பூ ஆள் உயரத்துக்கு எழும்பி, தானாக அடங்கும் வரை பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கூரையைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. அவ்வளவுதான்.

கம்பெனிக்குள் போன் கொண்டுபோக முடியாது, கேட்டிலேயே கொடுத்துவிட வேண்டும். அதனால் உலகத்துச் செய்தியெல்லாம் எங்களுக்கு மத்தியானச் சாப்பாட்டு வேளையில்தான் வந்து சேரும். அப்படித்தான் ஒரு நாள் வீட்டுக்காரர் கேட் பக்கமிருந்து வேகமாக வந்தார். "ஏ புள்ள, பட்ஜெட்ல சொல்லிட்டாக. குடிசையெல்லாம் காங்கிரீட் வீடாக்கப் போறாகளாம்" என்றார். எனக்கு அதற்கப்புறம் சோறு இறங்கவில்லை. பசியில்லாமல் அல்ல, சந்தோஷத்தால்.

ஊராட்சிக் கிளார்க்கைப் போய்ப் பார்த்தோம். உள்ளூர்க்காரர்தான், என்னை அக்கா என்று கூப்பிடுகிறவர். தலைவர் பதவிக்காலம் முடிந்து, தேர்தலும் நடக்காமல், ஊர்ப் பாரமெல்லாம் அவர் தலையில் கிடந்தது. "இத்தன தேதிக்குள்ள பேர் குடுன்னு மேல இருந்து உத்தரவு மட்டும் டாண்ணு வந்துருதுக்கா. பணம்தான் ஆடி அசைஞ்சு வரும். ஆனா ஒங்க பேரு லிஸ்ட்ல இருக்கு" என்றார். பட்டா இருந்தது, பேரும் இருந்தது. இனி என்ன வேண்டும் என்று நினைத்தேன்.

அங்கேதான் நான் கெட்டேன். வைகாசி முடியப் போகிறது. அதை விட்டால் ஆனியும் ஆடியும் மனைக்கு ஆகாது. ஆவணியில் சீசன் உச்சத்துக்கு வந்துவிடும், லீவு என்று வாயைத் திறந்தாலே போர்மேன் முகம் கோணும். "கடைசி முகூர்த்தத்துல குடிசையப் பிரிச்சிருவோம்" என்றேன். "யூனியன் ஆபீஸ்ல இருந்து ஓவர்சீயர் வந்து பாத்துட்டுப் போகட்டுமே" என்றார் வீட்டுக்காரர். "அவரு வர்ற வரைக்கும் முகூர்த்தம் காத்துக்கிட்டு இருக்குமாக்கும்" என்று அவர் வாயை அடைத்தேன்.

முகூர்த்தத்தன்று விடிந்ததும் ஓலையைப் பிரித்தோம். மண்சுவரைத் தள்ளினோம். ஈசான மூலையில் குழி தோண்டி, மஞ்சள் பூசிய ஐந்து செங்கல் வைத்துத் தேங்காய் உடைத்தோம். வெறும் தரையில் குச்சியால் கோடு போட்டு, இது அடுப்படி, இது மாடிப்படி என்று நானே காட்டினேன். சாமானையெல்லாம் நாத்தனார் வீட்டுச் சுவரை ஒட்டித் தகரம் போட்டு அதில் வைத்தோம். நாமும் இரண்டு மாதம் அதில்தானே என்று நினைத்தோம்.

ஓவர்சீயர் இருபது நாள் கழித்துக் கிளார்க்கோடு வந்தார். கையில் போன். சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"குடிசை எங்கம்மா?"

"பிரிச்சுட்டோம் சார். முகூர்த்தம் இருந்துச்சு."

"குடிசையோட ஒங்கள நிக்க வச்சுப் போட்டோ எடுத்தாத்தான் போன்ல அடுத்த பக்கமே தெறக்கும். இது குடிசைய மாத்திக் கட்டுற திட்டம். இங்கன மாத்துறதுக்கு என்ன இருக்கு?"

"அப்ப வீடே இல்லாதவுகளுக்கு?"

"அதுக்கு வேற திட்டம். இந்த வருசம் அதுக்கு நிதி ஒதுக்கல."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஓட்டைக் குடிசை இருந்தபோது நான் வீடு வாங்கத் தகுதியானவள். அதுவும் இல்லாமல் தெருவில் நின்றபோது தகுதி போய்விட்டது. உள்ளதும் போச்சு என்பது இதுதான். அந்த மனிதரைச் சொல்லிக் குற்றமில்லை, அவர் கையிலிருந்த போன் கேட்டதைத்தான் அவர் கேட்டார். அவசரப்பட்டது நான்.

அவர் பைக் மறைந்ததும் கிளார்க் தலையைச் சொறிந்தார். "ஒண்ணு செய்ங்கக்கா. பழைய ஓலைய வச்சு அதே எடத்துல ஒரு குடிசை போட்டிருங்க. அடுத்த மாசம் திரும்பக் கூட்டியாறேன்."

இடிக்கத் தெரிந்தவளுக்குக் கட்டத் தெரியாதா? நாலு நாளில் எழுப்பினோம். ஈசான மூலைச் செங்கல்லை நகர்த்தக் கூடாது என்பதால் குடிசையைச் சற்றுத் தள்ளிப் போட்டோம். அது பழையதைவிடச் சின்னதாகிவிட்டது. ஓவர்சீயர் வந்தார். எங்களை வாசலில் நிறுத்திப் போட்டோ எடுத்தார். கல்யாணத்துக்கு அப்புறம் நாங்கள் சேர்ந்து எடுத்துக்கொண்ட போட்டோ அதுதான். "சிரிக்காதீகம்மா" என்றார். நான் சிரித்தது எனக்கே தெரியவில்லை.

போட்டோ மேலே போயிற்று. அதற்குள் அந்த வருட ஒதுக்கீடு முடிந்திருந்தது. அடுத்த பட்ஜெட்டில் என்றார்கள். அந்தப் பட்ஜெட்டும் வந்தது, ஊருக்கு இத்தனை வீடு என்று கணக்கும் வந்தது, எங்கள் பேர் அதற்கு அடுத்த பட்டியலில் என்றார்கள். போட்டோவுக்காகப் போட்ட குடிசையில்தான் இன்றைக்கும் இருக்கிறோம். நடக்கும்போது நான் போட்ட கோடு இருந்த இடத்தை இப்போதும் சுற்றித்தான் போகிறேன். சுவருக்குள் யாராவது நுழைவார்களா?

போன தீபாவளிக்குக் கம்பெனியில் கொடுத்த பெட்டியில் பத்து பூச்சட்டி இருந்தது. சாக்கை நனைத்துக் கூரையில் போட்டுவிட்டு, குடத்தோடு வாசலில் நின்றேன். வீட்டுக்காரர் ஒன்றை எடுத்துப் போய் ஈசான மூலைச் செங்கல் மேல் வைத்தார்.

"வா புள்ள. இதுவும் நம்ம வீடுதான, மாடின்னு நெனச்சுக்கோ" என்றார்.

பற்ற வைத்தார். பூ முழங்கால் உயரத்துக்கு எழும்பியது. பொறி ஒன்று ஓலைப் பக்கம் பறந்தது. அடுத்த நொடி குடத்துத் தண்ணீர் முழுவதையும் நான் பூச்சட்டி மேல் கொட்டியிருந்தேன். வேண்டுமென்று செய்யவில்லை, கை செய்துவிட்டது. செங்கல்லில் இருந்து சாம்பல் தண்ணீர் வழிந்தது. இத்தனை வருட ஆசையை என் கையாலேயே அணைத்துவிட்டேனே என்று நின்றேன்.

அவர் ஈரச் செங்கல்லைத் துண்டால் துடைத்து, தண்ணீரில் அசைந்ததை அதே இடத்தில் சரியாக வைத்தார். மீதி ஒன்பது பூச்சட்டியும் நாத்தனார் வீட்டுப் பரணில் நனையாமல் இருக்கின்றன.