மாப்பிள்ளையின் புல்லுக்கு நான் போட்ட உரம்

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். தள்ளுவண்டியில் உரம் விற்று, இன்று மூன்று கடை. என் கைபட்டு முளைக்காத செடி இந்த ஊரில் கிடையாது. பெருமைக்காகத்தான் சொல்கிறேன், பொய்யில்லை. ஆனால் எழுத வந்தது என் தங்கை புருஷனைப் பற்றி.

அவர் பஸ் டிரைவர். முப்பத்தொரு வருஷம் ஒரே ரூட். கடைசி ஸ்டாப்பில் பத்து நிமிஷம் ஓய்வு. மற்றவர்கள் டீ குடிக்கப் போவார்கள். இவர் எதிரே இருந்த புல்வெளியையே பார்த்துக்கொண்டிருப்பார். முழங்கால் உயரப் புல், அதில் பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னப் பட்டாம்பூச்சி. அவர் ஓய்வு பெற்ற வருஷம் அங்கே தார் போட்டு டெப்போ ஆக்கினார்கள். தார் போடுவதற்கு முதல் நாளே போய் ஒரு டிபன் டப்பா நிறைய விதை உருவிக்கொண்டு வந்துவிட்டார். அக்கம்பக்கத்தில் அந்தப் புல் வேறெங்கும் இல்லை.

வீட்டுக்குப் பின்னால் நல்ல மண்ணை வெட்டி வெளியே கொட்டி, மணல் நிரப்பி, அதில் அந்த விதையைத் தூவினார்.

"கொழுத்த மண்ணுன்னா களை ஏறிடும் மச்சான். இது பட்டினியில வளர்ற புல்லு. உங்க தங்கச்சி கையால சாப்பிடுற எனக்குத் தெரியாதா?"

தங்கை கரண்டியை ஓங்கினாள்.

மூன்றாம் வருஷம் பட்டாம்பூச்சி வந்தது. எனக்கு போன் போட்டு, "வந்திடுச்சு மச்சான்" என்று மட்டும் சொல்லிவிட்டு, மறுபடி பார்க்க ஓடிவிட்டார்.

அடுத்த வருஷம் இதய ஆபரேஷன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"புல்லை ஒண்ணும் பண்ணாதீங்க மச்சான். தண்ணிகூட வேணாம். இருக்கிற விதை பூரா அங்கதான் உதிர்ந்து கிடக்கு."

போய்ப் பார்த்தேன். சோகை பிடித்த மாதிரி வெளுத்து நின்றது. உரக்கடைக்காரன் தங்கை வீட்டில் இப்படி ஒரு புல்லா? ஆள் எழுந்து வரும்போது அசந்துபோகட்டும் என்று, இருப்பதிலேயே உசத்தி உரம் இரண்டு மூட்டை நானே தூவித் தண்ணீர் விட்டேன்.

ஏழு வாரம் கழித்து அவர் வந்தார். களை இடுப்புயரம். புல் கொழுத்துச் சாய்ந்து, கதிர் விடாமலே அழுகிக் கிடந்தது.

"திட்டிடுங்க மாப்ளே" என்றேன்.

"எதுக்கு மச்சான்? நல்லாத்தான் வளர்ந்திருக்கு."

உள்ளே போய்விட்டார். பின்பக்க ஜன்னலைத் தங்கைதான் சாத்தினாள்.

மறுநாளே உரம் ஏறிய மண்ணையெல்லாம் வழித்து லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, புது மணல் நிரப்பினேன். உதிர்ந்த விதையும் அந்த மண்ணோடுதான் போனது என்று மணல் பரப்பி முடித்த பிறகுதான் உறைத்தது. குப்பைமேட்டுக்கு ஓடினேன். அதன் மேல் வேறு பத்து லோடு விழுந்திருந்தது.

இரண்டு வருஷமாக, மழை பெய்தால் மணலில் மண்டி போட்டுத் தேடுகிறேன். முளைப்பதெல்லாம் களை. நேற்று ஜன்னல் லேசாகத் திறந்தது.

"முட்டி வலிக்கும், எழுந்திரிங்க மச்சான்" என்றார்.

நான் எழுந்திருக்கவில்லை.