மொட்டைப் பந்து

புது டென்னிஸ் பந்து டின்னைத் திறக்கும்போது 'புஸ்' என்று ஒரு சத்தம் வருமே... கூடவே ஒரு ரப்பர் வாசம். அந்த வாசத்தை நான் முதன்முதலில் பிடித்தது எங்கள் கல்லூரியில் அல்ல. கண்டியில், படுதோல்வி அடைந்த ஒரு மெட்சில்.

மாத்தளையில் எங்களுடையது சின்னக் கல்லூரி. ஒரே ஒரு கோர்ட், அதற்கு ஆண்கள் டீம், பெண்கள் டீம் என்று இரண்டு. வெயில் தாழ்ந்த நேரம் ஆண்களுக்கு. மண்டையைப் பிளக்கும் மத்தியான வெயில் பெண்கள் எங்களுக்கு. அவர்கள் விளையாட வரும்போது நான் வீட்டுக்குப் போகும் இரத்தோட்டை பஸ்ஸில் இருப்பேன். அதனால் எனக்கு அதில் பெரிய கோபம் இல்லை.

பந்துதான் விஷயம்.

புது டின் ஆண்களுக்குப் போகும். அவர்கள் அடித்துத் துவைத்து, மயிரெல்லாம் உதிர்ந்தபிறகு எங்களுக்கு வரும். மொட்டைப் பந்து என்றுதான் சொல்வோம். நிலத்தில் போட்டால் எழும்ப மனமே இல்லாமல் கிடக்கும். பழசு என்று தெரியும்... ஆனால் அதனால் என்ன என்று இருந்துவிட்டோம்.

கண்டியில் புது டின்னைத் திறந்தார்கள். நான் அடித்த முதல் பந்து வேலியைத் தாண்டிப் போனது. அடுத்ததும் அப்படியே. டபிள்ஸில் என் ஜோடி பரீனா கிட்ட வந்து, "என்னடி இது, தொட்டாலே பறக்குது?" என்றாள். ஒரு கேம்கூட எடுக்கவில்லை.

திரும்பி வந்ததும் விளையாட்டுக்குப் பொறுப்பான சேர் கூப்பிட்டார்.

"கோவிச்சுக்காதீங்க பிள்ளைங்க. அடுத்த வருஷம் பெண்கள் டீம் வேணாம்னு நினைக்கிறேன். உங்களுக்கு நெட்போல் இருக்குதானே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டில் குரலே எழும்பாத எனக்கு, வரும் பந்தைப் பார்த்து "என்னோடது!" என்று கத்திக்கொண்டு ஓடக் கிடைத்த ஒரே இடம் அந்தக் கோர்ட்.

பரீனா அழவில்லை. "சேர், ஆண்கள் டீம் எங்க பந்துல எங்களோட ஒரு செட் விளையாடட்டும். அப்புறம் முடிவெடுங்க."

சேர் சிரித்தார். ஆண்கள் கேப்டன் நிமலன் அதைவிடப் பெரிதாகச் சிரித்தான்.

கோர்ட்டில் இறங்கியபிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அவன் நினைத்த உயரத்துக்குப் பந்து வரவே இல்லை. குனிந்து குனிந்து நெட்டிலேயே அடித்தான். நாங்களோ வழக்கம்போல விளையாடிக்கொண்டிருந்தோம். கடைசியில் ரெக்கட்டைக் கீழே போட்டுவிட்டு, "சேர், இந்தப் பந்துல யாருக்கும் விளையாட ஏலாது" என்றான்.

"நாங்க சேர்ந்த நாள்ல இருந்து இதுலதான் விளையாடுறோம்" என்றாள் பரீனா.

நிமலன் உள்ளே போய் ஒரு புது டின்னை எடுத்துவந்து என் கையில் கொடுத்தான். நல்ல பையன்தான்... இதற்கு முன் அவனும் யோசித்ததில்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு டின்கள் பாதிப் பாதி. எங்கள் டீமும் தப்பியது. அடுத்த வருஷமும் கண்டியில் தோற்றோம். ஆனால் பந்து கோர்ட்டுக்குள் விழுந்தது.

போன கிழமை மகளை டென்னிஸ் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கோச் நீட்டிய கூடையிலிருந்து ஒரு பந்தை எடுத்து நிலத்தில் தட்டிப் பார்த்தாள்.

"கோச், இது செத்த பந்து. வேற தாங்க."

அவரும் வேறு பந்து கொடுத்தார். அவள் பாட்டுக்கு விளையாடப் போய்விட்டாள்.

நான் உடனே பரீனாவுக்கு வொட்ஸ்அப்பில் இதை எழுதினேன். அவளிடமிருந்து பதில் வந்தது:

"நமக்கு அது செத்ததுன்னே தெரியாதேடி..."