வகுபடாத பத்தாயிரத்து ஏழு

கிளிப் எண்ணும் மாரிசெல்வியைப் பத்தாவதில் கணக்கில் தவறியவள் என்று ஒரகடம் கம்பெனி லைன் முழுக்கச் சொல்லிச் சிரித்தார் சூப்பர்வைசர் கண்ணப்பன். அவள் ஒரு வாரம் ஹாஸ்டலில் வகுத்துப் பார்த்து ஓர் எண்ணைப் பிடித்தாள். திங்களன்று சரியாக 10,007 கிளிப்புகளைக் கொடுத்தாள். பெட்டிகளில் சமமாக அடுக்க வேண்டும், மிச்சம் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். கால்குலேட்டரைத் தட்டித் தட்டி அவருக்கு வியர்த்தது.

“இன்னாமா, எப்டிப் போட்டாலும் மிச்சம் வருது?”

“பகா எண்ணுல்லா சார். நூறுக்குள்ள உள்ள இருபத்தஞ்சு பகா எண்ணாலயும் வகுத்துப் பாத்துட்டேன்.”

“மேனேஜர் வர்றாரே, இப்போ இன்னா பண்றது?”

“சத்தமா கேளுங்க சார், லைனுக்குக் கேக்கல.”

அதையே சத்தமாகக் கேட்டார். லைன் சிரித்து ஓய்ந்ததும், மாரிசெல்வி சட்டைப்பையிலிருந்து இன்னொரு கிளிப்பை எடுத்துப் போட்டாள்.

“இப்ப இருபத்திநாலு பெட்டி, பெட்டிக்கு நானூத்திப் பதினேழு. தள்ளுங்க, நானும் அடுக்குதேன்.”